மூடி மூன்று

பதினாலடிச் சந்து. டவுன்ஹாலுக்குப் பின்னால்
மூன்று திருப்பம் தள்ளி.
ஸ்கூட்டர் வந்தால் சைக்கிள் ஒதுங்கும்,
கார் வந்தால் நாய்கூட எழுந்து நிற்கும்.
அங்கேதான் ஐந்து மாடி, பத்து வீடு, ஒரு லிஃப்ட்.

"பழைய ஏரியாங்க, பழசாவே தெரியோணும்,"
என்றார் பில்டர் குட்டியப்பன்.
"முன்னால நாலு தூணு ஒட்டிரலாம். ஃபைபர்ல வருது.
தட்டுனா டொக்குனு கேக்கும்,
ஆனா தட்டிப் பாக்கறது யாருங்?"

ஒரு வாரம் டேப்போடு அலைந்தேன்.
ஒரு வீடு இன்னொன்றைப் போல் இல்லை.
கஜலட்சுமி வைத்த நிலை, பிறை வைத்த நிலை,
ஷட்டருக்காக நிலையையே பெயர்த்துவிட்ட ஒன்று.
தாவாரத்தின் நுனி மட்டும்
எல்லாருக்கும் பத்தேகால் அடி.
விரற்கடை கூடும், விரற்கடை குறையும்.
மழையில் இந்த முனையில் நுழைந்தவன்
தலை நனையாமல் அந்த முனையில் வெளியேறலாம்.
தெரு தனக்குப் போட்டுக்கொண்ட ஒரே சட்டம்.

மாநகராட்சியின் சட்டம் வேறு:
முன்பக்கம் ஐந்தடி விடு.
விட்டேன். வரைபடத்தில்
பல் விழுந்த வாய் போலத் தெரு இளித்தது.
அந்த ஐந்தடியின் தலைக்கு மேல்
பத்தேகால் அடியில் ஒரு கான்கிரீட் தகடு நீட்டினேன்.
பூ இல்லை, யாளி இல்லை.
"பஸ் ஸ்டாப்பாட்ட இருக்குதுங்," என்றார் குட்டியப்பன்.
ஆமாம் என்றேன்.

பிறகு நிழல்.
ஐந்தாவது மாடி எதிர்ப் பட்டறையிலிருந்து
தினம் இருபது நிமிஷ வெயிலைத் தின்கிறது.
கம்ப்யூட்டரில் அதை நீலமாகத் தீட்டிக்கொண்டு
குற்றவாளியாகக் கிருபாகரன் முன் போய் நின்றேன்.
அவர் வளையலில் இருந்து கண் எடுக்கவில்லை.
"வெயிலா? எல்.இ.டி. போட்டு ஆறு வருசமாச்சுங்.
கரண்டு போனாத்தான் சூரியனையே நெனைக்கறது."
அப்புறம் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.
"சாக்கடைய மட்டும் மூடிராதீங்."

சாக்கடையை நான் அளக்கவே இல்லை.

விடிகாலை ஐந்துக்குப் போனேன்.
மாரக்காள், தென்னந்துடைப்பம், இரும்புச் சட்டி.
பட்டறைகள் கைகழுவிய தண்ணீரின் அடிமண்ணைச்
சுழற்றிச் சுழற்றிக் கொட்டினாள்.
கறுப்பு போயிற்று. சாம்பல் போயிற்று.
எறும்புத் தலையளவு மஞ்சள் நின்றது.
என் தாளை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"இதுல எம்பட எடம் எதுங்?"

கார் ஏறும் சரிவுக்காக நான் இழுத்த
தடித்த கோட்டுக்கு அடியில் இருந்தது அது.
விரலால் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல் சட்டியைக் கழுவினாள்.

சரிவை மூன்றாக வெட்டினேன்.
இரும்புக் கிராதி, கைப்பிடி வளையம், மூடி ஒன்று, இரண்டு, மூன்று.
பட்டறைக் குழாய் விழுவது மூன்றாவதின் கீழே.
குறிப்பில் எழுதினேன்: எடை, ஒருத்தி தூக்குமளவு.
"இது எந்தக் கோடுல வருதுங்க மேடம்?"
என்றான் சைட் இன்ஜினியர்.
மாரக்காளை ஒரு காலையில் வரச்சொல்லித்
தூக்கிக் காட்டச் சொன்னேன்.
முதல் வார்ப்பு அசையவில்லை. இரண்டாவது எழும்பியது.

கட்டடம் நின்றது. மூன்றாம் மாடியில்
யாரோ ஆரஞ்சு நிறத்தில் கம்பி போட்டிருக்கிறார்கள்.
என் அளவுகளில் ஒன்றும் அதைத் தடுக்கவில்லை.
அடைமழையில் கொரியர் பையன்கள் நாலு பேர்
தகட்டுக்கடியில் நின்று போன் பார்க்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அசோசியேஷன் செயலாளர் அழைத்தார்.
"மேடம், அஞ்சு மணிக்கு மூடி சத்தம். தூக்கம் போவுது.
சிமெண்ட் போட்டு அடைச்சுரலாங்களா?"

"அடைக்கலாங்க," என்றேன்.
"மழைத்தண்ணி லிஃப்ட் குழிக்கு ஏறும். பரவாயில்லீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

ஏறாது.
லிஃப்ட் குழிக்கு வடிகால் வேறு, நானே வரைந்தது.
"அப்ப வேண்டாங்க, இருக்கட்டும்," என்றார்.

வளையங்களுக்கு ரப்பர் வாங்கி அனுப்ப வேண்டும்,
சத்தம் சத்தம்தானே.